திருகோணமலையிலிருந்து ஈ-ஸ்போர்ட்ஸ்: பிசியை விடுங்கள், முதலில் ஐந்து பேரைச் சேருங்கள்

போன வருஷம், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த ஒரு தம்பி டச்சுக்குடாக் கடற்கரையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, கேமிங் பிசி ஒண்டு எடுக்க எவ்வளவு வரும்?"

"எதுக்கு?"

"போட்டிக்கு இறங்கப் போறன்."

"சரி. ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு உன்னோட வந்து இருக்கக்கூடிய நாலு பேரின்ர பேரைச் சொல்லு பாப்பம்."

மூன்று பேர் சொன்னான். மூன்றாவது பேரைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அந்தப் பிள்ளை கட்டாருக்குப் போக விசா பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.

இந்தக் கட்டுரை அவனைப் போன்றவர்களுக்கு. பொழுதுபோக்குக்கு விளையாடுகிறவர்கள் தாராளமாக விளையாடுங்கள், அதற்கு வழிகாட்டி எதுவும் வேண்டாம். அணி கட்டி, பெயர் பதிந்து, நடுவர் பார்த்திருக்கப் பரிசுக்கு மோதுவதைத்தான் இங்கே ஈ-ஸ்போர்ட்ஸ் என்கிறேன். நானும் சில வருஷம் ஓர் அணியை இழுத்துக்கொண்டு திரிந்தவன். பெரிதாக ஒன்றும் வெல்லவில்லை. ஆனால் எந்த இடத்தில் கால் சறுக்கும் என்று தெரியும்.

கொஞ்சம் வரலாறு சொல்லிவிட்டுப் போகிறேன், வீட்டில் கேட்டால் சொல்ல உதவும். இது நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான் இல்லை. 1972 ஒக்டோபரில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 'ஸ்பேஸ்வோர்' என்ற கேமுக்குப் போட்டி வைத்தார்கள். வென்றவருக்குக் கிடைத்தது ஒரு சஞ்சிகையின் ஓராண்டுச் சந்தா. இது தொழிலாக மாறியது தென்கொரியாவில். 1997 பொருளாதார நெருக்கடியில் வேலை போனவர்கள் பலர் கையில் இருந்ததைப் போட்டு 'பிசி பாங்' திறந்தார்கள். நம் ஊர் நெட் கஃபேயின் கொரியப் பெயர் அது. அரசாங்கம் அதிவேக இணையத்தை நாடு முழுக்க இழுத்தது. 1998இல் 'ஸ்டார்கிராப்ட்' வந்தது. பெடியன்கள் அந்தக் கடைகளில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி மோதினார்கள், தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது, 2000இல் அதற்கென்று ஒரு சங்கமே அமைந்தது. ஆக, காசில்லாத காலத்தில், வாடகைக் கொம்பியூட்டரில் பிறந்த தொழில் இது. சொந்தமாக இயந்திரம் இல்லையே என்று யோசிக்கிற பிள்ளைகள் இதை ஞாபகம் வைத்திருங்கள்.

நம் பக்கத்து நாட்டுக் கதை இன்னும் கிட்ட. அர்ஸ்லான் ஆஷ் என்பவர் பாகிஸ்தானின் லாகூர்க்காரர், 'டெக்கன்' என்ற சண்டைக் கேம் விளையாடுபவர். 2019 பெப்ரவரியில் ஜப்பானில் நடந்த 'எவோ' என்ற சண்டைக் கேம் போட்டிக்கு வந்து சேர்வதற்குள் விசா, விமானம் என்று அலைந்து, தூக்கமில்லாமல் வந்து இறங்கி, கொரிய ஜப்பானிய ஜாம்பவான்களைச் சாய்த்துக் கிண்ணத்தைத் தூக்கினார். அதே ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த எவோவிலும் அவரே. 'எங்கள் ஊரில் என்னைப் போல இன்னும் பேர் இருக்கிறார்கள்' என்றார். லாகூருக்கே போய்ப் பார்த்த ஒரு கொரிய வீரர் அங்கே தோல்விமேல் தோல்வி வாங்கினார். யாரும் எட்டிப் பார்க்காத ஊரில், ஒரு கூட்டம் ஒருவரோடொருவர் மோதி மோதியே அந்த உயரத்துக்கு வந்திருந்தது.

இலங்கையில் 2019இல் விளையாட்டு அமைச்சு ஈ-ஸ்போர்ட்ஸை ஒரு விளையாட்டாக அங்கீகரித்தது. போட்டி நடத்துவதில் பழைய கை கேமர் டொட் எல்கே என்ற நிறுவனம். பாடசாலைகளுக்கு இடையில், பல்கலைக்கழகங்களுக்கு இடையில் என்றும் அவர்கள் போட்டி வைக்கிறார்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

1. கையில் இருப்பதைப் பார்த்துக் கேமைத் தெரிவு செய்யுங்கள்

நம் ஊரில் பத்தில் எட்டுப் பேருக்குக் கையில் இருப்பது போன். அது குறையில்லை. பப்ஜி மொபைல், பிரீ ஃபயர், மொபைல் லெஜண்ட்ஸ் மூன்றுக்கும் உலகக் கிண்ணம் வரைக்கும் படிக்கட்டு இருக்கிறது. பழைய போனென்றால் பிரீ ஃபயர்தான் ஓடும். அதில் ஒரு சுற்றில் நான்கு பேர் கொண்ட 12 அணிகள், 48 பேர். பப்ஜி மொபைலின் போட்டிகளில் 16 அணிகள், 64 பேர். மொபைல் லெஜண்ட்ஸ் வேறு சாதி: ஐந்துக்கு ஐந்து, பொறுமையும் திட்டமும் கேட்பது.

பப்ஜிக்காரருக்கு ஒரு விஷயம். போட்டியில் சுற்றை வென்றால் 10 புள்ளி, ஒவ்வோர் எதிரிக்கும் 1 புள்ளி. ஒளிந்து கிடந்து ஒரு தரம் வென்று 10 எடுப்பதும், ஆறாம் ஏழாம் இடத்தில் செத்தாலும் எட்டு ஒன்பது பேரை வீழ்த்துவதும் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் விளையாடுகிறவன் 'கோழி', அதாவது சுற்றை வென்றவனுக்குத் திரையில் வரும் 'சிக்கன் டின்னர்', வந்ததா என்று பார்ப்பான். போட்டிக்காரன் பல சுற்றுகளின் கூட்டுத்தொகையைப் பார்ப்பான். இந்த ஒரு கணக்கு விளங்காமல் தோற்ற அணிகளை எண்ண என் கைவிரல் போதாது.

கொம்பியூட்டர் இருந்தால் வலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2. மூன்றும் இலவசம். முதல் இரண்டும் ஐந்துக்கு ஐந்து சுடும் கேம்கள், 13 சுற்று முதலில் எடுப்பவர் வெற்றி. தனியாள் என்றால் கால்பந்துக் கேம், டெக்கன் போன்ற சண்டைக் கேம்கள். நாலு பேரைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது அவற்றின் வசதி.

தமிழ்நாட்டு யூடியூபர்களைப் பார்த்து வருகிறவர்கள் கவனம். இந்தியா 2020 செப்டெம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தது, 2022இல் பிரீ ஃபயரையும். 2021இல் அங்கே பப்ஜிக்குப் பதிலாக வந்தது பிஜிஎம்ஐ என்ற இந்தியாவுக்கே உரிய பதிப்பு. அந்தத் தமிழ் அண்ணன்மார் விளையாடுகிற சேர்வரும் போட்டியும் வேறு, நமக்குத் திறந்திருப்பது வேறு. அவர்களிடம் நுட்பம் படியுங்கள். 'பதிவுக்கு லிங்க் கீழே' என்றதும் பாய்ந்துவிடாதீர்கள்.

தெரிவு செய்தபின் ஒரு வருஷத்துக்கு அதை விட்டு அசையக் கூடாது. மூன்று கேமில் சுமாராக ஆடுகிறவனை எந்த அணியும் கூப்பிடாது.

2. இணையக் கோட்டை அளந்து பாருங்கள்

பிசிக்கு முன்னர் இணையக் கோடு. நீங்கள் சுட்ட செய்தி சேர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரத்தைத்தான் 'பிங்' என்கிறோம், மில்லிசெக்கனில். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் ஓடும். நம் கேம்களின் சேர்வர் பல இருக்கிற சிங்கப்பூர், இங்கிருந்து நேர்கோட்டில் 2,600 கிலோமீட்டர் அளவில் வரும். போக வர 5,200. ஆகவே 26 மில்லிசெக்கனுக்குக் கீழே எந்தக் கொம்பனாலும் இறக்க முடியாது. கேபிள் நேராகப் போவதில்லை, நடுவில் ஆயிரம் சந்தி, எனவே உண்மையில் இன்னும் கூடும். யாராவது 'பிங்கைப் பத்தாக்கித் தருகிறேன்' என்று செயலி விற்றால் ஒளியின் வேகத்தைக் கேட்டு அனுப்புங்கள்.

சேர்வர் இருக்கும் ஊர்களில், வரைபடத்தில் மும்பாய்தான் கிட்ட. ஆனால் உங்கள் கோடு எந்த வழியாகச் சுற்றிப் போகிறது என்பதைப் பொறுத்து, சிலவேளை சிங்கப்பூர் குறைவாகக் காட்டும். இரண்டையும் அளவுங்கள். ஏழு நாள், இரவு ஏழரையிலிருந்து பத்தரை வரை, அரை மணிக்கொரு தரம் கேம் காட்டும் பிங்கைக் கொப்பியில் எழுதுங்கள். பகல் பதினொரு மணிக்கு அளந்தால் எல்லாக் கோடும் தங்கக் கோடுதான். சராசரியைவிட ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். 70இல் அசையாமல் நிற்கிற கோடு, 40 காட்டிவிட்டுத் திடீரென 200க்குத் துள்ளுகிற கோட்டைவிட ஆயிரம் மடங்கு நல்லது. 70க்குக் கை பழகிவிடும். துள்ளலுக்கு எந்தக் கையும் பழகாது.

பைபர் இழுக்கக்கூடிய வீதியில் இருந்தால் பைபர். நிலாவெளிப் பக்கம், மூதூர்ப் பக்கம் உள்ளே இருப்பவர்கள் போர்ஜி ரவுட்டரோடு மல்லுக்கட்ட வேண்டும். ரவுட்டரை ஜன்னலோரம் வைத்து, சிக்னல் கோபுரம் எந்தத் திசையில் என்று பார்த்துத் திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் அளந்து பாருங்கள். எங்கள் அணியில் ஒருவன் அதைக் கொண்டுபோய்க் குளியலறை மேற்தட்டில் வைத்தான், அங்கேதான் நன்றாக எடுத்தது. எந்தக் கோடானாலும் ரவுட்டரிலிருந்து பிசிக்கு வயர் இழுங்கள். பழைய கல்வீட்டுச் சுவர் வைஃபையைக் குடித்துவிடும்.

விளையாட டேட்டா அதிகம் போகாது. தின்பது அப்டேட்தான், ஒரு தரத்துக்குப் பல ஜிபி. அதை நடு இரவுக்குப் போட்டுவிட்டுப் படுங்கள். எட்டு மணி ஆட்டத்தின்போது அம்மா யூடியூபில் நாடகம் பார்ப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள், போரில் தோற்பீர்கள். வீட்டாரின் போன்களில் படங்கள் தானாக மேலேறும் வசதியை மட்டும் அந்த நேரத்துக்கு நிறுத்தி வையுங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

கரண்ட். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி முழு நாட்டையும் அணைத்தது. அன்று ஓர் இறுதியாட்டத்தின் நடுவில் இருந்த யாராவது இருந்தால் அவர்களுக்கு என் அனுதாபம். ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். போனில் விளையாடுகிறவர்களுக்கு அதுவே போதும், கரண்ட் போனாலும் ஆட்டம் போகாது. வாடைக்காலத்தில் இடி முழங்கினால் ஆட்டத்தைப் பாராமல் ரவுட்டரின் வயரைக் கழற்றுங்கள். நான் கழற்றாமல் இரண்டு ரவுட்டர் எரித்தவன்.

3. இயந்திரம்

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள், சொல்ல இருப்பதோ கொஞ்சம். வலரண்டும் கவுண்டர் ஸ்ட்ரைக்கும் விளையாட இலட்சக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. கந்தோர்களில் பாவித்துக் கழித்த பிசி ஒன்றை எடுத்து, எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் போட்டு, ரம் என்ற நினைவகத்தை 16 ஜிபி ஆக்கி, நடுத்தரப் பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒன்று செருகினால் தொடங்கலாம். ஒன்றை மட்டும் பாருங்கள்: விண்டோஸ் 11இல் வலரண்ட் ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். மிகப் பழைய பிசிகளில் அது இல்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. கடைக்காரர் 'எல்லாம் ஓடும் தம்பி' என்பார். அவர் முன்னாலேயே ஓட்டிப் பாருங்கள்.

மிச்சக் காசை மொனிட்டரில் போடுங்கள். 60 ஹேர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெக்கனுக்கு ஒரு படம் காட்டும், 144 ஹேர்ட்ஸ் திரை 6.9க்கு ஒன்று. மூலையில் எட்டிப் பார்க்கிறவனை முன்கூட்டியே காண்பது இதில்தான்.

நம் ஊருக்கே உரிய எதிரிகள் இரண்டு. உப்புக்காற்று: திருக்கடலூர், டச்சுக்குடா என்று கடலை ஒட்டிய வீடுகளில் பிசியைத் தரையில் வைக்காதீர்கள், பாவிக்காத நேரம் துணி போட்டு மூடுங்கள், மூன்று மாதத்துக்கொரு தரம் திறந்து தூசு எடுங்கள். மற்றது கச்சான் காற்று: ஜூன், ஜூலையில் அறை அடுப்பாகும். போன் சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆட்டம் இழுக்கும். உறையைக் கழற்றி, மேசை மின்விசிறியைப் போனின் முதுகுக்குப் பிடியுங்கள். பிரிட்ஜுக்குள் வைக்காதீர்கள். வைத்தவனை எனக்குத் தெரியும்.

4. ஐந்து பேர்

இதுதான் முழுக் கஷ்டமும். நல்ல பிசியைக் காசு வாங்கும். எட்டு மணி என்றால் ஏழு ஐம்பதுக்கு வந்து நிற்கிற ஐந்து பேரை எதுவும் வாங்காது.

எங்கே தேடுவது? நெட் கஃபேயில் சத்தம் போடாமல் தோற்கிறவனைப் பாருங்கள். வென்று கத்துகிறவன் எங்கும் கிடைப்பான். பழைய வகுப்புத் தோழர்கள், ரியூசன் கூட்டாளிகள், கோணேசபுரி வளாகத்து மாணவர்கள். ஒரே தெருவுக்குள் தேடாதீர்கள். எங்கள் அணியில் பாலையூற்றில் இருந்து இரண்டு பேர், கிண்ணியாவில் இருந்து ஒருவன், சீனன்குடாவில் இருந்து ஒரு சிங்களப் பிள்ளை. அவனுக்குத் தமிழ் அரைகுறை, எங்கள் சிங்களம் அதைவிட மோசம்.

அதனால் முதல் மாதம் நாங்கள் செய்த ஒரே வேலை சொற்களை ஒத்துக்கொண்டதுதான். 'இங்க', 'அங்கால', 'அவன் வாறான்' என்றால் யாருக்கு என்ன விளங்கும்? வரைபடத்தின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பெயர், அதை மட்டும்தான் சொல்ல வேண்டும். ஒரு வரைபடத்தின் நடுச் சந்திக்கு நம் ஊர்ச் சந்தியின் பெயரான 'மடத்தடி'யை வைத்தோம், எல்லாப் பக்கத்தாலும் ஆள் வருகிற இடமென்பதால். நீளமான ஒடுக்கப் பாதைக்குப் பெயர் 'கிண்ணியாப் பாலம்'. சிங்களப் பிள்ளை 'மடத்தடி தென்னெக்' என்பான், மடத்தடியில் இரண்டு பேர் என்று ஐந்து பேருக்கும் பட்டென்று விளங்கும். இடம், எண்ணிக்கை, எதிரியின் காயம்: இந்த வரிசையில் மூன்று சொல், அதற்கு மேல் வாய் திறக்கக் கூடாது. செத்தவன் முற்றாக வாயை மூட வேண்டும். பழக ஆறு வாரம் எடுத்தது.

ஆளுக்கொரு பொறுப்பு இருக்க வேண்டும். திட்டம் சொல்கிறவனை ஐஜிஎல் என்பார்கள், ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிற தலைவன். நன்றாகச் சுடுகிறவனைத் தலைவனாக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, அது பிழை. சுடுவதில் நாலாமிடத்தில் இருந்தாலும், பதறாமல் எண்ணிப் பார்க்கிறவனைத் தலைவனாக்குங்கள். முதலில் உள்ளே பாய்கிறவன் 'என்ட்ரி'. அவன் அடிக்கடி சாவான், அது அவன் வேலை, அதற்காக ஏசக் கூடாது. அவனுக்குப் புகை போட்டு வழி செய்கிறவன், தூரத்திலிருந்து குறி பார்க்கிறவன், பின்பக்கம் காக்கிறவன் என்று மிச்சம். ஆறாவதாக ஒருவனையும் தயாராக வைத்திருங்கள். கட்டார் விசா எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்.

நேரத்தை ஊரின் நேரத்தோடு பொருத்துங்கள். ரியூசன் முடிய ஏழரை. ஒருவனுக்கு வெள்ளி ஜும்மா, இன்னொருவனுக்கு வெள்ளி காளி கோயில். நோன்பு மாதத்தில் பயிற்சியைத் தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பின்னர் தள்ளினோம், கோயில் திருவிழாக் காலத்தில் பத்து நாள் விடுமுறை விட்டோம். கால அட்டவணையை வட்ஸ்அப் குழுவில் போட்டு, வர முடியாதவன் மதியத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தோம். மூன்று தரம் சொல்லாமல் வராதவன் வெளியே. அந்த விதிப்படி முதலில் வெளியே போனது என் உயிர் நண்பன். இன்றைக்கும் கல்யாண வீட்டில் கண்டால் அதைச் சொல்லிக் காட்டுவான்.

காசுப் பங்கீட்டை வெல்வதற்கு முன்னரே எழுதி வையுங்கள். எங்கள் முதல் அணி உடைந்தது தோல்வியால் இல்லை. ஒரு சின்னப் பரிசு கிடைத்தது, அதில் பாதி ஆட்டம் ஆடிய ஆறாவது ஆளுக்கு எவ்வளவு என்ற சண்டையில் உடைந்தது.

5. பயிற்சி

ஒரு நாளைக்கு இரண்டரை மணிநேரம் போதும், ஒழுங்காகச் செய்தால். முதல் இருபது நிமிடம் தனியாகக் குறி பழகுங்கள். பிறகு ஒன்றரை மணி இன்னோர் அணியோடு பேசி வைத்த பயிற்சி ஆட்டம், இதைத்தான் 'ஸ்கிரிம்' என்பார்கள். எதிர் அணியை டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலியின் குழுக்களில் பிடிக்கலாம். உங்களை விடக் கொஞ்சம் நல்ல அணியைத் தேடுங்கள். கடைசி நாற்பது நிமிடம், ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் பதிந்த உங்கள் ஆட்டத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நூற்றுக்குத் தொண்ணூறு அணி செய்யாது.

எதைப் பார்ப்பது? எப்படிச் சுட்டீர்கள் என்பதை விடுங்கள். நேரத்தைப் பாருங்கள். வலரண்டில் 'ஸ்பைக்' என்ற குண்டை வைத்தால் 45 செக்கனில் வெடிக்கும். செயலிழக்கச் செய்ய 7 செக்கன். பாதியில், அதாவது 3.5 செக்கனில், கை எடுத்தாலும் அந்தப் பாதி அப்படியே நிற்கும். இந்த மூன்று எண்ணையும் வைத்துக்கொண்டு உங்கள் பதிவைப் பார்த்தால், எத்தனை சுற்றை வீணாக ஓடித் தோற்றீர்கள் என்று தெரியவரும். ஒருவன் பாதியைத் தட்டிவிட்டு எழும்பிச் சண்டை பிடித்திருக்கலாம். எதிரி பொய்யாகத் தட்டிச் சத்தம் எழுப்பி உங்களை வெளியே இழுத்திருக்கிறான். எங்கள் என்ட்ரிக்காரன் ஒரு மாதப் பதிவைப் பார்த்து முடித்தபின் சொன்னான்: "மச்சான், நான் சுடத் தெரியாம தோக்கேல்ல, எண்ணத் தெரியாமத்தான் தோத்திருக்கிறன்."

கிழமைக்கு ஒரு பிழையை மட்டும் எடுத்துத் திருத்துங்கள். ஞாயிறு விடுமுறை. மணிக்கட்டு நொந்தால் அன்றைக்கு ஆட்டம் இல்லை. நோவோடு ஆடிக் கையைக் கெடுத்துக்கொண்டு இளவயதிலேயே ஒதுங்கிய தொழில்முறை வீரர்கள் உண்டு.

6. பேச்சும் பழக்கமும்

உள்ளே வந்ததும் காதில் விழும் சொற்கள் சில. 'ஜிஜி' என்றால் நல்ல ஆட்டம், முடிந்தபின் இரு பக்கமும் சொல்வது. வெல்லும் முன்னரே எதிரிக்கு எழுதினால் அது கிண்டல். 'நூப்' கற்றுக்குட்டி. 'கிளட்ச்' தனியொருவனாய் நின்று சுற்றை மீட்பது. 'டில்ட்' கோபம் தலைக்கேறிப் பிழைமேல் பிழை விடுவது. 'மெட்டா' அந்தக் காலகட்டத்தில் எல்லாரும் பாவிக்கிற சிறந்த வழிமுறை, ஒவ்வோர் அப்டேட்டோடும் மாறும்.

கெட்ட வார்த்தை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் ஆட்கள் மைக்கைத் திறந்தாலே எதிரியின் தாயை இழுக்கிறார்கள். போட்டியில் இதற்கு எச்சரிக்கையும் தண்டனையும் உண்டு, நேரலையில் பதிவாகியும் விடும். பெண் குரல் கேட்டால் இன்னும் மோசம். ஆண் பெயர் வைத்து, மைக்கை மூடிக்கொண்டு, எங்களையெல்லாம் விடத் திறமாக விளையாடுகிற தங்கச்சிமார் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். வலரண்டில் பெண்களுக்கென்று 'கேம் சேஞ்சர்ஸ்' என்ற போட்டித் தொடர் 2021இலிருந்து நடக்கிறது. உங்கள் அணிக்கு ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை என்றால், யாரை எல்லாம் பேசவிடாமல் செய்தீர்கள் என்று ஒருக்கால் யோசியுங்கள்.

ஹெக். 2018இல் ஷாங்காயில் நடந்த கவுண்டர் ஸ்ட்ரைக் போட்டியொன்றில், ஓர் இந்திய அணி வீரரின் கணினியில் ஏமாற்று மென்பொருள் பிடிபட்டது. நடுவர் பார்க்கப் பார்க்க அந்த வீரர் அதை அழிக்க முயன்றார். கோப்பின் பெயர் 'வேர்ட்'. அவருக்கு ஐந்து வருஷத் தடை. ஒன்றும் அறியாத மற்ற நான்கு பேரின் அணியும் கலைந்தது. நெட் கஃபேயில் விளையாடுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து: சில கேம்கள் கணக்கை மட்டும் தடை செய்யாது, அந்த இயந்திரத்தையே தடை செய்யும். முன்னர் இருந்து விளையாடியவன் செய்த களவுக்கு நீங்கள் வெளியே நிற்க வேண்டி வரலாம். வழமையாக எந்த இயந்திரத்தில் இருப்பீர்களோ அதைப் பற்றிக் கடைக்காரரிடம் பேசி வையுங்கள்.

7. முதல் போட்டி

மூன்று மாதம் ஒழுங்காகப் பயின்றபின் சின்ன இணையப் போட்டியொன்றில் பெயர் கொடுங்கள். முதல் சுற்றிலேயே தோற்பீர்கள், பரவாயில்லை.

விதிப்புத்தகத்தை ஐந்து பேரும் வாசிக்க வேண்டும், ஒருவன் வாசித்து மற்றவர்களுக்குச் சொன்னால் போதாது. கேமில் இருக்கும் பெயரும் பதிந்த பெயரும் ஓர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். வயது பாருங்கள், பல பெரிய போட்டிகளில் 16க்குக் கீழே எடுக்க மாட்டார்கள், 18க்குக் கீழே என்றால் பெற்றோரின் கையெழுத்துக் கேட்கலாம். வருகைப் பதிவு நேரம் தவறினால் ஆடாமலே தோல்வி. முடிவுத் திரையை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் படம் பிடியுங்கள்.

நுழைவுக் கட்டணம் கேட்டால் மூன்று கேள்வி: முன்னர் நடத்திய போட்டியின் ஒளிபரப்பு எங்கே? வென்றவர்களில் ஒருவரோடு பேச முடியுமா? பரிசு எத்தனை நாளில், எப்படி வரும்? ஒன்றுக்கும் சரியான பதில் இல்லாமல் காசைத் தனியாள் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். நாங்கள் ஒரு தரம் ஐந்து பேரும் சேர்த்துக் கட்டினோம். போட்டி நடக்க இருந்த அன்று காலையில் அந்தக் குழுவே காணாமல் போயிருந்தது. 'இலவச யூசி', 'இலவச டயமண்ட்' என்று, கேமுக்குள் செலவழிக்கிற காசைத் தருவதாக வரும் இணைப்புகளும் இதே சாதிதான், அழுத்தினால் கணக்குப் போகும்.

8. வீட்டில் பேசுவது

"உதால என்ன பிரயோசனம்?" என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. 'கோடி கோடியாய் உழைக்கிறாங்கள்' என்று பதில் சொல்லாதீர்கள். 2021இல் டோட்டா 2இன் உலகப் போட்டிப் பரிசு 40 மில்லியன் டொலர், 2023இல் அதே போட்டிக்கு 3 மில்லியன் சொச்சம். அந்தப் பணமும் உச்சியில் இருக்கிற ஒரு சிலருக்கு. இதை நம்பி உயர்தரத்தை விடச் சொன்னால் நான் பொய்யன். பரீட்சை வருஷத்தில் அணியை நிறுத்தி வையுங்கள், கேம் எங்கும் ஓடிவிடாது.

அப்பாவிடம் சொல்லக்கூடியது இது: என்ன நேரம் தொடங்கும், என்ன நேரம் முடியும். அட்டவணையைக் காட்டுங்கள், பத்தரைக்கு ஹெட்செட்டைக் கழற்றுங்கள், இரண்டு மாதம் மாறாமல் அப்படிச் செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று 2022இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டமே முதலிடம் பிடிப்பது, கேடு வந்தாலும் விடாமை, இவை நீண்ட காலம் தொடர்வது. நேரத்துக்கு எழும்பிப் போகிற பிள்ளையை வீட்டார் அந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள்.

ஆடுவதில் கை வராதவர்களுக்கும் இடமுண்டு. இலங்கைத் தமிழில் போட்டியை நேர்முக வர்ணனை செய்ய ஆள் குறைவு. நம் கிரிக்கெட் மைதானங்களில் மைக் பிடிக்கிற அண்ணன்மாரின் வாய் இருந்தால் போதும், மிச்சத்தைப் பழகலாம். ஒளிபரப்புக் கமரா ஓட்டுவது, காணொளி வெட்டுவது, போட்டி நடத்துவது, எல்லாம் வேலைதான்.

9. கொழும்புக்குப் போகிற நாள்

இணையத்தில் தகுதி பெற்று, நேரில் ஆட அழைப்பு வந்துவிட்டது என்று வையுங்கள். ஆட்டத்துக்கு முதல் நாள் இரவே புறப்படுங்கள். அன்று விடியப் புறப்பட்டுப் போய் இறங்கி நேரே ஆடலாம் என்று ஒரு தரம் பஸ்ஸில் போனோம், ஹபரணைக்கு அங்கால் டயர் போய் வருகைப் பதிவு தவறியது. ரயிலென்றால் ஐந்து பேருக்கும் ஒரே பெட்டியில் இருக்கை பதியுங்கள்.

மவுஸ், மவுஸ் பாட், கீபோர்ட், ஹெட்செட் உங்களுடையது. துவாயில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள், மேல்தட்டில் போடாதீர்கள். போன்காரர் சார்ஜரும் காதில் மாட்டும் வயரும் இரண்டிரண்டாய். அடையாள அட்டை, அதன் போட்டோப் பிரதி, பெற்றோரின் கடிதம். மவுஸின் வேக எண்ணையும் உங்கள் அமைப்புகளையும் கொப்பியில் எழுதி எடுங்கள், அங்கே இருப்பது வேறு பிசி. குளிரூட்டிய மண்டபத்தில் விரல் விறைக்கும், கச்சான் வெயிலில் பழகிய கை அது. முழுக்கைச் சட்டை ஒன்று கொண்டுபோங்கள். அம்மா கட்டித் தரும் சோற்றுப் பார்சலை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஆனால் ஆட்டத்துக்கு ஒரு மணிநேரத்துக்கு முன்னரே சாப்பிட்டு முடியுங்கள்.

கல்லோயா வரைக்கும் திட்டம் பேசுங்கள். அதற்குப் பிறகு தூங்குங்கள். ஆறாவது ஆளிடம் அலாரத்தைக் கொடுத்து வையுங்கள்.